கட்சிகளின் பசுமைப் பேச்சை எடைபோடுவது எப்படி? மதுரை வாக்காளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேலூர் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு விட்ட ஏலம், ஊர்கள் எதிர்த்து எழுந்ததும் 2025 ஜனவரியில் ரத்தானது. அந்த விவகாரத்துக்குப் பிறகு மேலூர், அழகர்கோயில் பக்கத்து ஊர் மந்தைகளில் சுரங்கச் சட்டத்தைப் பற்றிப் பேசாத ஆள் குறைவு. அதே வேகத்தில் எல்லாக் கட்சிகளும் பச்சை நிறத்துக்கு மாறிவிட்டன. மரம் நடுகிறார்கள், கண்மாய்க் கரையில் நின்று படம் எடுக்கிறார்கள், தேர்தல் அறிக்கையில் சுற்றுச்சூழலுக்கென்று ஒரு தனிப் பகுதி வைக்கிறார்கள். அந்தப் பகுதியைப் படித்தால் எந்தக் கட்சிக்கும் எந்தக் கட்சிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கட்சியின் உண்மையான சுற்றுச்சூழல் நிலைப்பாட்டைச் சுரங்கச் சட்டத் திருத்தத்தில் அது என்ன பேசியது, எந்தத் தேதியில் கடிதம் எழுதியது, எந்த ஆணையைக் கண்டும் காணாமல் விட்டது என்பதில்தான் பார்க்க முடியும். இவற்றையெல்லாம் யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். ஒரு கைபேசியும் ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும். எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: அதிகாரம் யார் கையில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாவிட்டால் மற்ற எதைப் படித்தும் பயனில்லை. மாநிலக் கட்சி மத்திய அரசைக் கைகாட்டும், மத்தியில் ஆள்கிற கட்சி மாநிலத்தைக் கைகாட்டும், நடுவில் நாம் நிற்போம்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. காடும் வனவிலங்கும் முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தன. 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அவற்றை மத்தியும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்ற 48அ பிரிவும் அதே திருத்தத்தில் வந்ததுதான். 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் மத்தியச் சட்டம். ஒரு திட்டத்தால் நீருக்கும் நிலத்துக்கும் காற்றுக்கும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணிக்கச் சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகள் எல்லாம் அதன் கீழ்தான் வருகின்றன.

கனிமம்தான் நமக்கு முக்கியம். கிரானைட், மணல் போன்றவை சிறு கனிமங்கள். அவற்றுக்கு விதி வகுப்பதும் குத்தகை கொடுப்பதும் மாநில அரசு. டங்ஸ்டன் கதை வேறு. 2023இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது 24 கனிமங்கள் முக்கியமானவை, கேந்திரமானவை என்று தனிப் பட்டியலில் வைக்கப்பட்டன, டங்ஸ்டனும் அதில் ஒன்று. இவற்றை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும் என்று ஆனது. ஏலம் விடுவது டெல்லி, ஆனாலும் குத்தகைப் பத்திரம் கொடுக்கவேண்டியது மாநிலம், வருமானம் வருவதும் மாநிலத்துக்கு. ஆக இரண்டு பக்கமும் கைச்சாத்து தேவை. "எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்று எந்த அரசும் சொல்ல முடியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேலூர் வட்டாரத்தைப் பாருங்கள். டங்ஸ்டன் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கீழவளவு பக்கம் மலைகளைக் கிரானைட்டுக்காகத் துண்டு போட்டார்கள். கண்மாயும் வரத்துக்கால்வாயும் கல் கழிவில் மூடின. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொல்ல, 2015 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். அந்த மலைகளை வெட்டக் குத்தகை கொடுத்தது டெல்லி அல்ல, அது மாநிலத்தின் அதிகாரம். அதனால் டங்ஸ்டனை எதிர்த்து உரக்கப் பேசும் மாநிலக் கட்சி எதுவானாலும், கிரானைட்டில் உங்கள் நிலைப்பாடு என்ன என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் திணறினால், மலையை வெட்டுவதல்ல, யார் வெட்டுவது என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: தேர்தல் அறிக்கையில் சுற்றுச்சூழல் பகுதியைத் தாண்டிப் போங்கள்

அறிக்கை கைக்கு வந்ததும் தொழில், கனிமம், மின்சாரம், நெடுஞ்சாலை, வேளாண்மை ஆகிய பகுதிகளை முதலில் படியுங்கள். அங்கே புதிய சுரங்கம், விரைவு அனுமதி, ஒற்றைச் சாளரம், தொழிற்பூங்காவுக்கு நிலம் என்று என்னென்ன வாக்குறுதி இருக்கிறதோ எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் சுற்றுச்சூழல் பகுதிக்கு வாருங்கள். ஒரே அறிக்கையில் ஒரு பக்கம் நீர்நிலை காப்போம் என்றும் இன்னொரு பக்கம் அனுமதி வழங்கும் காலத்தைப் பாதியாகக் குறைப்போம் என்றும் இருந்தால், இரண்டில் எது நடக்கும் என்று ஊகிக்க ஜோதிடம் தேவையில்லை.

வாக்கியம் எப்படி முடிகிறது என்பதையும் கவனியுங்கள். "மத்திய அரசை வலியுறுத்துவோம்" என்றால் அதைச் செய்யும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்று கட்சியே ஒப்புக்கொள்கிறது. "பரிசீலிக்கப்படும்" என்பது வாக்குறுதியே அல்ல. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைத் திருத்துவார்கள், எந்த ஆண்டுக்குள், எவ்வளவு பணம் ஒதுக்கி என்று இருக்கிறதா பாருங்கள். மூன்றில் ஒன்றாவது இருந்தால் அந்த வரியைக் கோடு போட்டு வையுங்கள், ஐந்தாண்டு கழித்துக் கேட்க உதவும்.

மூன்றாம் படி: தேதி வரிசை போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு பிரச்சினையை எடுத்து, யார் எப்போது என்ன செய்தார்கள் என்று தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். மேடைப் பேச்சு எதுவும் வேண்டாம். ஆணை, கடிதம், தீர்மானம், ஏலம் ஆகியவை மட்டும். டங்ஸ்டன் ஏலத்தில் சிக்கிய மேலூர் பக்கத்து ஊரான அரிட்டாபட்டியையே எடுத்துக்கொள்வோம்.

2022 நவம்பர் 22 அன்று தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேரைப் பல்லுயிர் மரபுத் தலமாக, அதாவது அரிய உயிரினங்களுக்காகக் காக்கவேண்டிய இடமாக, அறிவித்தது. மாநிலத்தில் இப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் அது. ஏழு மலைகள், சமணர் படுக்கைகள், தமிழி கல்வெட்டு, குடைவரைக் கோயில், லகுடு வல்லூறு, எறும்புதின்னி, தேவாங்கு, சுனைகள், ஆனைகொண்டான் கண்மாய் எல்லாம் அந்தப் பகுதியில் இருக்கின்றன.

2023 ஜூலை 28 அன்று மக்களவையிலும் ஆகஸ்ட் 2 அன்று மாநிலங்களவையிலும் சுரங்கச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. மாநிலங்களவையில் அதிமுகவின் தம்பிதுரை மசோதாவை ஆதரித்துப் பேசினார். அந்த அக்டோபரில், ஏல அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொள்வதை எதிர்த்து மாநில அரசு கடிதம் எழுதியது.

2024 ஜூனில் முக்கியக் கனிமங்களுக்கான நான்காம் சுற்று ஏல அறிவிப்பு வந்தது. நவம்பர் 7 அன்று, அரிட்டாபட்டியும் அடங்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை (சுரங்கத்துக்காக எல்லை குறித்த நிலப்பரப்பு) வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் எடுத்ததாக அறிவிக்கப்பட்டது. மொத்தப் பரப்பு 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர். அதே மாதம் மேலூர் பக்கத்து ஊராட்சிகள் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவைத் தீர்மானம் வந்தது. அதிமுகவும் ஆதரித்தது. டிசம்பர் 24 அன்று, மரபுத் தலத்தை விட்டுவிட்டுத் தொகுதியின் எல்லையை மறு ஆய்வு செய்யலாம் என்று மத்தியச் சுரங்க அமைச்சகம் சொன்னது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்து வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து.

இப்போது தாளைப் பாருங்கள். "நாடாளுமன்றத்தில் ஆதரித்தது அதிமுகதானே" என்றது திமுக. "ஏல அறிவிப்பு வந்த பிறகு மாதக்கணக்கில் திமுக அரசு ஏன் வாய் திறக்கவில்லை" என்றது அதிமுக. "மக்கள் கேட்டார்கள், நாங்கள் ரத்து செய்தோம்" என்றது பாஜக. மூன்றிலும் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, மூன்று பேரும் தங்களுக்கு வசதியான தேதியிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். தாளில் பளிச்சென்று தெரிவது வேறு: சட்டத் திருத்தத்துக்கும் ஏல முடிவுக்கும் நடுவே 15 மாதங்கள் இருந்தன. அந்த 15 மாதத்தில் எந்தக் கட்சியும் அரிட்டாபட்டிக்கு வந்து, உங்கள் நிலம் ஏலப் பட்டியலில் இருக்கிறது என்று மந்தையில் நின்று சொன்னதாகத் தெரியவில்லை. ஊர் எழுந்த பிறகுதான் எல்லாரும் எழுந்தார்கள்.

டிசம்பர் 24ஐயும் விட்டுவிடாதீர்கள். மரபுத் தலத்தை மட்டும் காப்பது நியாயமான சமரசம் போலத் தோன்றும். கணக்குப் போடுங்கள்: 2,015 ஹெக்டேரில் 193 என்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி ஒன்பது பங்கில் ஊர்கள் இருக்கின்றன, பெருமாள்மலை இருக்கிறது, பெரியாறு பாசனத்தின் ஒருபோக நிலங்கள் இருக்கின்றன, மலையில் விழும் மழையைக் கண்மாய்க்குக் கொண்டுவரும் ஓடைகள் இருக்கின்றன. "அரிட்டாபட்டியைக் காப்போம்" என்று ஒரு கட்சி சொன்னால் எத்தனை ஹெக்டேர் என்று கேட்கவேண்டியது இதனால்தான். ஊர்க்காரர்கள் அந்தச் சமரசத்தை ஏற்கவில்லை, ரத்துதான் வேண்டும் என்று நின்றார்கள். அவர்கள் அன்று தயங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு தலைப்பு வைத்திருப்பேன்.

நான்காம் படி: நாடாளுமன்றத்தில் நடந்ததைத் தேடுங்கள்

முதலில் உங்கள் எம்.பி. யார் என்று உறுதி செய்யுங்கள். இதில் மதுரை மாவட்டத்துக்காரர்களுக்கு அடிக்கடி குழப்பம் வரும். மேலூரும் மாநகரத்தின் பெரும்பகுதியும் மதுரை மக்களவைத் தொகுதி. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனித் தொகுதி. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகர்த் தொகுதி. ஆக ஒரு மாவட்டத்துக்கு மூன்று எம்.பி.க்கள். வைகையைப் பற்றியோ நாகமலையைப் பற்றியோ மனு கொடுப்பதென்றால் மூன்று பேருக்கும் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

நாடாளுமன்ற இணையதளத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் கேட்ட கேள்விகள், பேசிய உரைகள், அமைச்சர் தந்த பதில்கள் இருக்கின்றன. நட்சத்திரக் கேள்வி என்றால் அவையில் வாய்மொழிப் பதில் வரும், துணைக்கேள்வியும் கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில். அமைச்சர் எழுத்தில் தரும் பதில்கள் தங்கச் சுரங்கம். பரப்பளவு, தேதி, அனுமதி நிலை எல்லாம் அதில்தான் வெளியே வரும்.

ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயர்வாரியாகப் பதிவு இருக்காது. அதனால் உரையைத்தான் படிக்கவேண்டும். அவையில் பேசவே இல்லை, வெளிநடப்பு செய்தார்கள் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநடப்பு எதிர்ப்பு ஓட்டு ஆகாது.

மசோதா எந்தக் குழுவுக்குப் போனது என்பதும் பேசும். 2023 வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் வழக்கமாகச் சுற்றுச்சூழல் விவகாரங்களைப் பார்க்கும் நிலைக்குழுவுக்குப் போகாமல் தனிக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. நிலைக்குழுவின் அன்றைய தலைவர் ஜெய்ராம் ரமேஷ் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். கூட்டுக்குழு ஒரு திருத்தமும் சொல்லாமல் மசோதாவைத் திருப்பி அனுப்பியது. ஆனால் அதில் சில உறுப்பினர்கள் மாறுபட்ட கருத்தை எழுதி இணைத்திருக்கிறார்கள். அந்தப் பின்னிணைப்பைப் படித்தால் எந்தக் கட்சிக்கு இந்த விஷயத்தில் வீட்டுப்பாடம் செய்யும் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: சின்ன ஆணைகளைக் கவனியுங்கள்

சட்டம் மாறும்போது செய்தித்தாளில் தலைப்பு வரும். அலுவலகக் குறிப்பாணை, அதாவது அமைச்சகம் அலுவலக அளவில் பிறப்பிக்கும் உத்தரவு, வந்தால் யாருக்கும் தெரியாது. சுற்றுச்சூழல் கொள்கையில் பெரிய மாற்றங்கள் பல இந்தச் சின்னக் காகிதங்கள் வழியாகத்தான் நடந்திருக்கின்றன.

அடிப்படை ஆவணம் 2006 செப்டம்பர் 14 அன்று வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. பெரிய திட்டங்கள் டெல்லியில், மற்றவை மாநில ஆணையத்தில் அனுமதி வாங்கவேண்டும். வாங்குமுன் மக்களிடம் கருத்துக் கேட்கவேண்டும். 2020இல் இதற்குப் பதிலாக ஒரு வரைவு வந்தது. கருத்துக் கேட்பைச் சுருக்குவதும், அனுமதியில்லாமல் தொடங்கிய திட்டத்துக்குப் பிறகு அனுமதி கொடுப்பதும் அதில் இருந்தன. நாடு முழுக்க எதிர்ப்பு. டெல்லி உயர் நீதிமன்றம் கருத்துச் சொல்லும் காலத்தை 2020 ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலெல்லாம் மொழிபெயர்க்கவும் சொன்னது. வரைவு இறுதியாகவில்லை. ஆனால் அதன் நோக்கங்கள் சில, தனித்தனித் திருத்தங்களாகவும் குறிப்பாணைகளாகவும் பின்வாசல் வழியே வந்தன.

இதில் நமக்கு நேரடியாகப் படுவது 2025 செப்டம்பர் 8 தேதியிட்ட குறிப்பாணை. அணுக் கனிமங்கள், முக்கிய மற்றும் கேந்திரக் கனிமங்களுக்கான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அது விலக்குத் தருகிறது. அளவு எவ்வளவானாலும் மதிப்பீடு டெல்லியில்தான் நடக்கும். டங்ஸ்டனும் அந்தக் கனிமப் பட்டியலில்தான் இருக்கிறது. ஏலம் ரத்தானது 2025 ஜனவரியில், அதே ஆண்டு செப்டம்பரில் இது வருகிறது. ஊர்ச் சனங்கள் ஆட்சியர் முன்னால் நின்று, பதிவு ஏட்டில் ஏறும்படி "வேண்டாம்" என்று சொல்வதற்கு இருந்த ஒரே சட்டப்படியான இடத்தை இந்தக் கனிமங்களுக்கு மூடிவிட்டார்கள். நாட்டின் பாதுகாப்புக்கும் மின்கலங்களுக்கும் இந்தக் கனிமங்கள் தேவை என்பது அரசின் வாதம். தேவை இருக்கலாம். கேட்காமல் எடுக்கலாம் என்று அதிலிருந்து எப்படி வருகிறது? தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் குறிப்பாணையைப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் திட்டங்களின் விண்ணப்பம், கூட்டக் குறிப்பு, அனுமதிக் கடிதம் எல்லாம் இருக்கும். மாநிலத்தையும் மாவட்டத்தையும் போட்டுத் தேடலாம். மாதம் ஒருமுறை மதுரை என்று போட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒருவர் பார்த்தால்கூடப் போதும்.

ஆறாம் படி: பணத்தைப் பாருங்கள்

இது சீக்கிரம் முடிந்துவிடும். 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையின் மொத்தச் செலவு ஏறத்தாழ 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகத்துக்குச் சுமார் 3,413 கோடி. நூறு ரூபாயில் ஏழு காசுகூட முழுதாக இல்லை. இதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதும் சரியல்ல, ஏனென்றால் குடிநீருக்கான ஜல் ஜீவன் திட்டத்துக்கு மட்டும் 67,000 கோடி வேறு அமைச்சகத்தில் ஒதுக்கியிருந்தார்கள், சூரிய மின்சாரத்துக்கும் தனி அமைச்சகம் உண்டு. அதனால் அமைச்சகத்தின் பெயரைப் பார்க்காமல் திட்டத்தின் பெயரைத் தேடுங்கள். ஒதுக்கியதற்கும் செலவழித்ததற்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் மதுரையும் இருக்கிறது. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று மாநகராட்சியிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஏழாம் படி: பசுமைக் கட்சி என்று ஒன்றுக்கு ஓட்டுப் போடலாமா?

நிறைய இளைஞர்கள் கேட்கும் கேள்வி. ஜெர்மனியில் 1980இல் தொடங்கிய பசுமைக் கட்சி 1983இலேயே நாடாளுமன்றத்துக்குள் போனது, 1998இல் கூட்டணி ஆட்சியில் அமர்ந்தது. அங்கே வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் கிடைக்கும், 5 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே வந்துவிடலாம். நம் முறையில் தொகுதியில் முதலிடம் வருபவருக்கு மட்டுமே இடம். மாநிலம் முழுக்கப் பரவலாக 5 சதவீதம் வாங்கும் கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

அதனால்தான் இங்கே பசுமை அரசியல் வேறு வடிவங்களில் வளர்ந்தது. பூவுலகின் நண்பர்கள் போன்ற அமைப்புகள் தேர்தலுக்கு வெளியே நின்று வழக்குப் போடுகின்றன, ஆவணங்களை வெளியிடுகின்றன. பாமகவோடு சேர்ந்து பசுமைத் தாயகம் இருக்கிறது. நாம் தமிழர் கட்சிக்குச் சுற்றுச்சூழல் பாசறை இருக்கிறது. கூடங்குளம் போராட்டத்தில் முன்னின்ற சுப. உதயகுமாரன் பச்சைத் தமிழகம் என்று கட்சியே தொடங்கினார்.

என் கருத்து இதுதான். பெயரில் பசுமை இருக்கிறதா என்று பார்க்கவேண்டாம். கட்சிக்குள் இருக்கும் சுற்றுச்சூழல் அணி சொல்வதைக் கட்சித் தலைமை எப்போதாவது தன் நலனுக்கு எதிராகக் கேட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டணிக் கட்சி ஆட்சியில் இருக்கும்போது அந்த அணி அறிக்கை விட்டிருக்கிறதா? எதிர்க்கட்சியாக இருக்கும்போது பசுமை பேசுவது யாருக்கும் எளிது. சிறிய கட்சிக்கு ஓட்டுப் போடுவது வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். பெரிய கட்சியின் வெற்றி வித்தியாசத்தைவிட அந்த ஓட்டு அதிகமாகிவிட்டால், அடுத்த தேர்தல் அறிக்கையில் அந்தக் கோரிக்கை தானாக ஏறும்.

எட்டாம் படி: வேட்பாளர் வரும்போது கேட்கவேண்டியவை

பிரச்சார வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும். "சுற்றுச்சூழலைக் காப்பீர்களா" என்று கேட்டால் "கண்டிப்பாக" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள், ஒருவர் கைபேசியில் பதிவு செய்யுங்கள்.

முக்கியக் கனிமங்களின் ஏல அதிகாரத்தை மாநிலங்களுக்குத் திருப்பித் தர சட்டத்தைத் திருத்த வாக்களிப்பீர்களா? கருத்துக் கேட்பு விலக்கைத் திரும்பப் பெற அவையில் கோருவீர்களா? மேலூர் வட்டாரத்தில் புதிய கிரானைட் குத்தகை தரக்கூடாது என்பீர்களா? காவிரிப் படுகைக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. பெரியாறு-வைகைப் பாசனப் பகுதிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று குரல் கொடுப்பீர்களா? மாநகருக்குள் வைகையில் சாக்கடை கலப்பதை எந்த ஆண்டுக்குள் நிறுத்துவீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஆண்டு சொல்லாமல் நழுவினால் விடாதீர்கள். சித்திரையில் அழகர் இறங்கும் ஆற்றைப் பற்றிக் கேட்கிறோம், ஒரு ஆண்டைச் சொல்லவாவது வேண்டும்.

ஒன்பதாம் படி: உங்கள் கருத்தை அரசு ஏட்டில் ஏற்றுங்கள்

ஓட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. நடுவில் செய்யக்கூடியவை இவை.

வரைவு அறிவிக்கை வந்தால் பொதுவாக 60 நாட்கள் ஆட்சேபம் சொல்லலாம். தமிழிலேயே எழுதுங்கள். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்புவதைவிட, உங்கள் கண்மாயின் பெயரும் சர்வே எண்ணும் போட்டு நூறு பேர் தனித்தனியாக எழுதுவது வலுவானது. நீதிமன்றத்தில் அதுதான் பேசும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வரவேண்டும். ஆட்சியர் அல்லது அவர் சார்பில் உயர் அலுவலர் தலைமை தாங்கவேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், முழுதும் ஒளிப்பதிவாகவேண்டும். கூட்டம் முடியும்போது பேசியவற்றின் பதிவை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டி அன்றே கையெழுத்திடவேண்டும் என்பது விதி. பெரும்பாலானோர் பேசி முடித்ததும் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பாதீர்கள். வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். குறைந்தபட்ச வருகை என்று விதியில் எதுவும் இல்லை, அதனால் புறக்கணித்தால் கூட்டம் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் வீட்டில் இருக்கவும் வேண்டாம்.

தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய், 30 நாளில் பதில் வரவேண்டும். "ஏன் அனுமதித்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. "இன்ன தேதியிட்ட கடிதத்தின் நகல், கோப்புக் குறிப்புகளின் நகல் தருக" என்று கேளுங்கள். மாநில அரசு எப்போது எதிர்த்தது, எப்போது எதிர்க்கவில்லை என்று மூன்றாம் படியில் போட்ட தேதி வரிசைக்கு ஆதாரம் இப்படித்தான் சேரும். வழக்குக்குப் போவதென்றால் நாட்களை எண்ணுங்கள்: சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் கதவு மூடிவிடும்.

கடைசியாகக் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. பேரூராட்சியிலும் மாநகராட்சியிலும் இருப்பவர்களுக்குப் பகுதி சபை உண்டு. தீர்மானத்தை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள்: எந்த மலை, எந்த ஓடை, எந்தக் கண்மாய், சர்வே எண், எந்தச் சட்டம், என்ன கோரிக்கை. "இயற்கையைக் காக்கவேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது ஏட்டில் தூங்கும். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்து எண் போட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடவே வேண்டாம். நகல் கேட்டு அன்றே மனு கொடுங்கள். நகல் வந்ததும் ஆட்சியருக்கும், எம்.எல்.ஏ.வுக்கும், எம்.பி.க்கும், சுரங்க அமைச்சகத்துக்கும், சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றுகளை ஊர்க் கோப்பில் ஒட்டி வையுங்கள்.